மகாத்மாவும் பயமும்

தைரியம் பிறவிக் குணம் என்று நம்மவர்களில் அநேகர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் சிங்கமாகப் பிறக்கிறார்கள். சிலர் ஆடாகப் பிறக்கிறார்கள். ஆட்டைச் சிங்கமாக்க எவராலும் ஆகாது என்பது அவர்களுடைய சித்தாந்தம். இதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. பொதுக் காரியம் ஒன்று வாசலில் வந்து நிற்கும்பொழுது, தமக்கு அவ்வளவு தைரியத்தைப் பகவான் கொடுக்கவில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். கடன்காரனுக்குச் சொல்லும் சாக்கைப் போன்றதுதான் இதுவும். தேசத்துக்குச் செலுத்தவேண்டிய கடனுக்கு இந்தச் சாக்குச் செல்லாது என்பதைக் காட்ட ஒருவருடைய சரித்திரமே போதும். அவர் மகாத்மா காந்தி.

உலகம் அவரை அஞ்சாநெஞ்சர் என்று அறியும். பீரங்கியும் சிறையும் படைத்த ஒரு சாம்ராஜ்யத்தை வெறுங்கையுடன் எதிர்த்து நின்றவர் என்று அறியும். ஆயினும், அவரைப்போல் பயந்த பிள்ளை அவர் பிறந்த ஊரில் இருந்திருப்பது அபூர்வம். இதை நாம் கற்பித்துச் சொல்லவில்லை. சத்திய சோதனை என்னும் தமது சுய சரித்திரத்தில் அவரே ஒளிவுமறைவின்றி எழுதிவைத்திருக்கிறார். அவருடைய வெற்றிகளைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். இந்தப் பயத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. பின்னதை அறியாதவர்களுக்கு முன்னது விளங்காது என்பது நமது அபிப்பிராயம்.

1869-ம் வருஷம் அக்டோபர் மாதம் 2-ந் தேதி, கத்தியவாரில் உள்ள போர்பந்தரில் மோகன்தாஸ் பிறந்தார். தந்தையாராகிய கரம்சந்த் காந்தி சமஸ்தானத் திவான். திவான் வீட்டுப் பிள்ளைக்கு ஊரில் யாரிடம் பயம் இருக்கப்போகிறது என்று நினைக்கத் தோன்றும். அந்தப் பிள்ளையோ பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு ஓட்டம் பிடிப்பார். எவராவது பேச்சுக் கொடுத்துக் கேலி செய்துவிடுவார்களோ என்ற கவலை அவரைத் துரத்தும். இருட்டிலே வெளியில் காலெடுத்து வைக்கமாட்டார். ஒரு பக்கத்திலிருந்து பேயும், மற்றொரு பக்கத்திலிருந்து திருடனும், இன்னொரு பக்கத்திலிருந்து பாம்பும் வருவதாகத் தோன்றும். விளக்கில்லாமல் உறக்கம் கொள்ளாது. 13-வது வயதிலே விவாகமும் ஆயிற்று. மனைவியாகிய கஸ்தூரிபாய்க்கு இந்தப் பயங்களில் ஒன்றுகூட இல்லை. இருட்டில் எங்கும் போய்வருவார். அருகில் ஒரு பெண் அஞ்சாதிருக்கத் தாம் மட்டும் அஞ்சி நடுங்குவதை வெளியே சொல்லவும் வெட்கமாக இருந்தது.

இந்த நோய்க்கு இருவர் இரண்டு மருந்து சொன்னார்கள். வீட்டிலே நெடுநாள் ஊழியம் செய்த ரம்பா என்னும் செவிலித்தாய், இராம நாமத்தைச் சொல்லிவந்தால் பேய்ப் பயம் தீரும் என்றாள். பிள்ளை சில காலம் சொல்லிப் பிறகு விட்டுவிட்டார். ஆனால், அன்று விழுந்த வித்து வெகுகாலத்துக்குப் பின் முளைத்து மரமாயிற்று. மற்றொரு மருந்தைச் சொன்னவன் ஒரு சிநேகிதன். உயிருள்ள பாம்பைக் கையில் பிடிப்பதாகவும், திருடனுக்கும் பேய்க்கும் அஞ்சாதவன் என்றும் பெருமையடித்துக்கொள்வான். மாமிசம் தின்பதனால்தான் வெள்ளைக்காரன் நம்மை ஆளுகிறான், தின்னாததனால்தான் நாம் கோழைகளாக இருக்கிறோம் என்பது அவனுடைய உபதேசம். வைஷ்ணவ வீட்டுப் பிள்ளை ஏறக்குறைய ஒரு வருஷ காலம் பெற்றோர் அறியாமல் அவ்வப்போது மாமிசம் தின்றுபார்த்தார். பயம் போகவில்லை. வீட்டிலே பசிக்கவில்லை என்று தாயாரிடம் பொய் சொல்லும் வழக்கம் மட்டும் வந்து சேர்ந்தது. பயத்துக்குத் தின்ற மருந்து பொய்யை வளர்ப்பதைக் கண்டு அதை நிறுத்திவிட்டார். வெளியிலிருந்து ஊட்டும் பொருளால் தைரியம் வராது என்ற பாடத்தை அவர் இளவயதிலேயே படித்துவிட்டார்.

உண்மையான மருந்து 15-வது வயதில் கிடைத்தது. தமையனார் பட்ட கடனைத் தீர்ப்பதற்காக, அத்தமையனார் கையிலிருந்த பொற்காப்பில் ஒரு துண்டு களவாக வெட்டப்பட்டது. கடன் தீர்ந்தது, மனம் ஆறவில்லை. தந்தையாரிடம் சொல்லிவிடவேண்டும், வாயோ எழவில்லை. அடிப்பாரே என்ற பயமன்று. அவர் மனம் நோகுமே என்ற பயம். ஆகவே, நடந்ததையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி, தக்க தண்டனை கொடுக்கும்படியும் கேட்டுக்கொண்டு, நோயாய்ப் படுத்திருந்த தந்தையின் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். கொடுக்கும்பொழுது கை நடுங்கிற்று. தந்தையார் படித்துக் கண்ணீர் உகுத்தார், காகிதத்தைக் கிழித்தெறிந்தார், ஒரு சொல் கடிந்து சொல்லவில்லை.

நேயர்கள் இந்த நிகழ்ச்சியைச் சற்றுக் கவனிக்கவேண்டும். வாயினால் சொல்லப் பயம் இடங்கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்க இடங்கொடுத்தது. இடங்கொடுத்த அளவுக்கு அந்தப் பிள்ளை அன்றைக்கே செய்துவிட்டார். நடுக்கம் நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடவில்லை. நடுங்கும் கையினாலேயே கடிதம் போய்ச் சேர்ந்தது. பின்னால் நாம் பார்க்கப்போகும் அறுபது வருஷத்துச் சரித்திரமும் இந்த ஒரு முறையின் விரிவேயாகும்.

1888-ம் வருஷத்தில் பாரிஸ்டர் படிப்புக்காகச் சீமைக்குப் போவதென்று தீர்மானமாயிற்று. ராஜ்கோட்டுப் பள்ளி மாணவர்கள் விடைகொடுக்க ஓர் உபசாரம் நடத்தினார்கள். நன்றியாக நாலு வார்த்தை எழுதிக்கொண்டு போனவர், அவற்றைப் படிப்பதற்குள் தலை சுற்றி உடல் நடுங்கிவிட்டார். இதே வாலிபரைப் பம்பாயில் சாதியார் கூட்டம் கூட்டி நடுவில் நிறுத்தினார்கள். கடல் கடப்பது தருமத்துக்கு விரோதம், போகக்கூடாது என்று தலைவர் கட்டளையிட்டார். தாயாருக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் புறப்பட்டிருப்பதாகவும், தம் தீர்மானத்தை மாற்றிக்கொள்ள இயலாதென்றும் அவர் பதில் சொன்னார். சாதியிலிருந்து விலக்கினார்கள், வழியனுப்பப் போகிறவர்களுக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதம் என்று விதித்தார்கள். செப்டம்பர் மாதம் 4-ந் தேதி கப்பல் ஏறிவிட்டார். தம்மைப் பற்றி நாலு வார்த்தை பேச முடியாதவர், ஒரு சத்தியம் பின்னால் நின்றபொழுது சாதிக் கட்டுக்கே மறுப்புச் சொல்லிவிட்டார்.

கப்பலிலும் லண்டனிலும் பழைய கூச்சம் கூடவே வந்தது. மற்றப் பிரயாணிகளுடன் இங்கிலீஷ் பேச அஞ்சித் தம் அறையிலேயே அடைந்துகிடந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பட்சணங்களையும் பழங்களையும் தின்று நாளைக் கழித்தார். லண்டனில் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியில் அங்கத்தினரானார், கூட்டந்தோறும் போவார், வாய் திறக்கமாட்டார். ஒரு சமயம், டாக்டர் அல்லின்ஸன் என்பவரை அவருடைய ஒழுக்கக் கொள்கைகளுக்காகச் சங்கத்திலிருந்து நீக்கப் பிரேரணை வந்தது. அந்தக் கொள்கைகள் காந்திக்கும் பிடித்தமானவையல்ல. ஆனால், சைவ உணவுச் சங்கத்தில் இருப்பதற்கு அவை தடையாகா என்பது அவர் கருத்து. எழுந்து பேசத் தைரியம் வரவில்லை. எழுதிக்கொண்டு போனார், அதைப் படிக்கவும் தைரியம் வரவில்லை. தலைவர் வேறொருவரைக் கொண்டு படிக்கச் செய்தார். டாக்டர் தோற்றுப்போனார். தந்தைக்குக் கொடுத்த காகிதத்தைப்போல இந்தக் காகிதமும் நடுங்கிக்கொண்டே செய்த கடமைதான். தோற்கிற பக்கத்தில் தம் பெயரைப் பதிவு செய்ததில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.

1891-ல் பாரிஸ்டராகத் திரும்பினார். இதற்கப்பால் நடந்ததை எங்களைப் போன்ற வக்கீல் தொழிலினர் எவரும் ஒரு பெருமூச்சின்றிப் படிக்க முடியாது. பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் மமிபாய் என்னும் மாதின் வழக்கு வந்தது. பீஸ் 30 ரூபாய். பிரதிவாதிக்காக எழுந்து வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். எழுந்தார், இருதயம் இடிந்துவிட்டது, கோர்ட்டே சுழல்வதாகத் தோன்றியது, கேட்க ஒரு கேள்வியும் அகப்படவில்லை. உட்கார்ந்துவிட்டார். பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறொரு வக்கீலை அமர்த்திக்கொள்ளச் சொல்லிக் கோர்ட்டை விட்டு வெளியேறினார். மாதம் 75 ரூபாயில் இங்கிலீஷ் உபாத்தியாயர் வேலைக்கு மனுப் போட்டார். பட்டதாரி அல்ல என்று அதுவும் கிடைக்கவில்லை. முடிவில் ராஜ்கோட்டுக்குத் திரும்பி, மனு எழுதிக் கொடுத்துக் காலட்சேபம் செய்தார். பயம் ஒரு மனிதனுடைய ஜீவனத்தையே எவ்வளவு சுருக்கிவிடும் என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டுவதில்லை. சீமையிலிருந்து கொண்டுவந்த படிப்பெல்லாம் இருந்தது. அதைக் கோர்ட்டில் வெளியே எடுக்க நா எழவில்லை.

1893-ல் தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். ஒரு வருஷ வேலை. 105 பவுன் ஊதியம். டர்பனிலிருந்து பிரிட்டோரியாவுக்கு முதல் வகுப்பு டிக்கெட்டுடன் சென்றவரை, கறுப்பு மனிதர் என்ற காரணத்துக்காக மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்கள். சாமான் வண்டிக்குப் போகச் சொன்னதற்கு அவர் இணங்கவில்லை. போலீஸ்காரன் கையைப் பிடித்து வெளியே தள்ளினான். குளிர்காலம், இருண்ட தங்கும் அறை. மேல்சட்டை ஸ்டேஷன் அதிகாரிகளிடம் இருந்த சாமான்களோடு இருந்தது. அதைக் கேட்டால் மீண்டும் அவமானம் நேருமோ என்று அஞ்சி, கேட்காமலே விடியுமட்டும் நடுங்கிக்கொண்டிருந்தார். அந்த இரவில் அவர் வீரராக மாறிவிட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். மேல்சட்டையைக் கேட்கக்கூட அஞ்சியவர்தான் அந்த இரவில் ஒரு முடிவுக்கு வந்தார் என்பதே உண்மை. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்ற எண்ணம் எழுந்தது. ஏற்றுக்கொண்ட வேலையை விட்டு ஓடுவது கோழைத்தனம் என்று தள்ளினார். மறுநாள் அதே பாதையில் பிரயாணத்தைத் தொடர்ந்தார்.

தொடர்ந்த பிரயாணத்தில் இன்னும் மோசமான அனுபவம் காத்திருந்தது. சார்லஸ்டவுனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் செல்லும் கோச்சு வண்டியில் அவரை உள்ளே உட்காரவிடாமல் வண்டிக்காரன் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வழியில் வண்டித் தலைவனுக்குச் சுருட்டுப் பிடிக்க அந்த இடமும் வேண்டியிருந்தது. கால் வைக்கும் பலகையில் ஓர் அழுக்குச் சாக்கை விரித்து, அங்கே உட்காரச் சொன்னான். அவர் அச்சத்தோடு நடுங்கிக்கொண்டே மறுத்தார். அறைகள் விழுந்தன, கீழே இழுத்தான். வண்டியின் பித்தளைக் கம்பியை அவர் பற்றிக்கொண்டார். மணிக்கட்டு முறிந்தாலும் விடுவதில்லை என்று பற்றிக்கொண்டார். கடைசியில் மற்றப் பிரயாணிகள் இரங்கித் தடுத்தார்கள். நடுக்கமும் உறுதியும் ஒரே உடம்பில் ஒரே சமயத்தில் இருக்கக்கூடும் என்பதற்கு அந்தப் பித்தளைக் கம்பியே சாட்சி.

பிரிட்டோரியா சேர்ந்த சில நாளைக்குள் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. அந்நகரத்து இந்தியர்களின் நிலைமை எவ்வளவு இழிவானதென்று அவர் கண்டார். பொது நடைபாதையில் நடக்க உரிமை இல்லை. இரவு 9 மணிக்குமேல் அனுமதிச் சீட்டில்லாமல் வெளிவர உரிமை இல்லை. ஒரு வியாபாரியின் வீட்டில் கூட்டம் கூட்டினார். எழுந்து நின்று, வியாபாரத்தில் உண்மை வேண்டும் என்பதையும், எல்லோரும் ஒன்று சேர்ந்து குறைகளைச் சர்க்காருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பதையும் பேசினார். அவருடைய வாழ்நாளிலேயே முதல் பொதுப் பிரசங்கம் என்று சொல்லத்தக்கது இதுதான். பம்பாயில் 30 ரூபாய்க்கு எழாத நாவு, பிரிட்டோரியாவில் காலணாக் கூலியில்லாமல் எப்படி எழுந்தது? பம்பாயில் தாம் தேறுவோமா தோற்போமா என்ற கவலை மனம் முழுவதும் நிறைந்திருந்தது. பிரிட்டோரியாவில் அந்த இடத்தைப் பிறர் துயரம் பிடித்துக்கொண்டது. தன்னைப் பற்றிய கவலை குடிபோன வீட்டில் பயமும் குடியிருக்க மறுக்கிறது.

1894-ல் நெட்டால் இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அது குழந்தைப் பருவத்தில் இருந்தபொழுது, நம் நாட்டுத் தமிழர் ஒருவர், பாலசுந்தரம் என்னும் ஒப்பந்தக் கூலியாள், காந்தியின் அலுவலகத்துக்குள் வந்து நின்றார். எசமானன் அடித்த அடியில் முன்பற்கள் இரண்டு உடைந்து வாயிலிருந்து இரத்தம் வழிந்தது; உடை கிழிந்திருந்தது; தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கி அழுதார். வெள்ளைக்காரரைப் பார்க்கப் போகும் கூலியாள் தலைப்பாகையை எடுத்துவிடவேண்டும் என்பது அங்கே வழக்கம். காந்தி முதலில் அதை மறுபடியும் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு டாக்டரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் சென்று, அவரை வேறு எசமானனிடம் மாற்றிக் கொடுத்தார். இச்செய்தி கூலியாட்களிடையே பரவியது. தங்களுக்கும் ஒருவர் இருக்கிறார் என்று அவர்கள் அறிந்தார்கள். ஒருவன் பயம் நீங்கும்பொழுது பக்கத்தில் இருப்பவனுக்கும் அதில் பங்கு கிடைக்கிறது.

இவ்வளவுக்குப் பின்னும் பழைய நோய் முற்றும் தீர்ந்துவிடவில்லை. 1896-ல் தாய்நாடு வந்து பம்பாயில் பெரிய கூட்டத்தின் முன் எழுந்தபொழுது குரல் நடுங்கித் தாழ்ந்துவிட்டது. அச்சிட்ட பிரசங்கத்தைப் பிறர் வாங்கிப் படிக்கவேண்டியதாயிற்று. ஒரு மாதத்துக்குப் பின், அக்டோபர் 26-ந் தேதி, சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் அவர் நின்றார். பாலசுந்தரத்தின் கதையைக் கேட்டுத் தமிழ் மக்கள் உள்ளம் கொதித்தது. நீண்ட பிரசங்கத்தை ஒரு சொல் விடாமல் கேட்டார்கள். பம்பாயில் தோற்றுவிட்டோமே என்று அவர் சென்னைக்கு வராமல் இருந்திருந்தால்? பயத்தை ஒரு முறை வென்றவனுக்கு மறுமுறை அது வராது என்று எண்ணுவது பிழை. வரும், வந்தாலும் அடுத்த ஊருக்குப் போகவேண்டும். அவர் செய்தது அவ்வளவுதான்.

1897-ம் வருஷம் ஜனவரி மாதம் 13-ந் தேதி டர்பன் துறைமுகத்தில் மீண்டும் இறங்கினார். அவர் மேல் சினங்கொண்ட வெள்ளையர் கூட்டம் கரையில் காத்திருந்தது. இருட்டிய பிறகு மறைந்து வரும்படி சர்க்கார் தரப்பில் யோசனை சொன்னார்கள். லாட்டன் என்னும் வெள்ளைக்கார வக்கீல், திருடனைப்போல் நகருக்குள் நுழைவது தகாது என்றார். அவருடன் காந்தி பகலிலேயே நடந்து வந்தார். கல்லும் செங்கல்லும் அழுகிய முட்டையும் விழுந்தன. அடியும் உதையும் விழுந்தன. நினைவு தப்பும் தறுவாயில் ஒரு வீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போலீஸ் சூப்பரிண்டெண்ட் அலெக்ஸாந்தரின் மனைவியார் தம் குடையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்து நின்று உயிரைக் காத்தார். அடித்தவர்கள்மேல் வழக்குத் தொடரச் சர்க்கார் முன்வந்தபொழுது காந்தி வேண்டாமென்று மறுத்தார். அடிக்கு அஞ்சுகிறவன் பழிவாங்க விரும்புகிறான். அச்சம் தீர்ந்தவனுக்கு மன்னிப்பது எளிதாகிறது.

1906-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 11-ந் தேதி ஜோகன்னஸ்பர்க் எம்பயர் நாடகசாலையில் கூடிய இந்தியர்கள், தங்களை இழிவுபடுத்தும் சட்டத்துக்கு அடங்குவதில்லை என்று கடவுள் சாட்சியாகப் பிரதிக்ஞை செய்தார்கள். சிறை வரும், அடி வரும், சொத்துப் போகும், கடைசியில் தாம் ஒருவரே மிஞ்சினாலும் நிற்கத் தயாரானவன் மட்டும் கையைத் தூக்கட்டும் என்று காந்தி எச்சரித்தார். 1908 ஜனவரியில் முதல் சிறைவாசம் கிடைத்தது. தாம் வக்கீலாக நின்ற கோர்ட்டிலேயே கைதியாக நின்று இரண்டு மாத தண்டனை பெற்றார். தண்டனைக்குப் பின் தனித்திருந்தபொழுது, வீடு என்ன ஆகும், தொழில் என்ன ஆகும், இரண்டு மாதமும் எப்படிக் கழியும் என்று மனம் சிறிது கலங்கிற்று. சிறையை மாளிகையாக எண்ணும்படி ஊராருக்குச் சொன்ன தாமே கலங்குவதா என்று உடனே வெட்கினார், கலக்கம் தெளிந்தது. இதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தப் போராட்டத்தில்தான் தில்லையாடி வள்ளியம்மை 16 வயதிலே சிறை சென்று, நோயுடன் வெளிவந்து, 1914 பிப்ரவரியில் உயிர் நீத்தார். ஒருவரிடம் ஏற்றிய விளக்கு எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அந்தத் தமிழ்ப் பெண்ணின் பெயர் என்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கும்.

1917-ல் பீகார் மாகாணத்துச் சம்பாரண் ஜில்லாவில் ஒரு ஜில்லாவே பயத்தில் கிடந்தது. குடியானவர்கள் 20 கட்டா நிலத்தில் 3 கட்டா துரைமார்களுக்காக அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். துரையின் பெயரைச் சொல்லவே குடிகள் அஞ்சினார்கள். காந்தி விசாரிக்கப் போனார். ஜில்லாவை விட்டு வெளியேறும்படி உத்தரவு வந்தது, மறுத்தார். ஏப்ரல் 18-ந் தேதி மோதிஹாரிக் கோர்ட்டில், உத்தரவை மீறியது உண்மை என்றும், மனச்சாட்சிக்குக் கீழ்ப்படிந்து அவ்வாறு செய்ததாகவும் அமைதியாக வாக்குமூலம் படித்தார். வெளியே ஆயிரக்கணக்கான குடியானவர்கள் கூடியிருந்தார்கள். வழக்கைச் சர்க்கார் வாபஸ் பெற்றது. ஸ்மால் காஸ் கோர்ட்டில் ஒரு கேள்வி கேட்க முடியாமல் ஓடியவருக்கு மோதிஹாரிக் கோர்ட்டில் வாய் தடுமாறவில்லை. இடையில் கடந்தவை இருபத்தைந்து வருஷங்கள். அத்தனை வருஷமும் ஒவ்வொரு படியாக ஏறிய படிகள்.

சம்பாரணில் அவர் கையாண்ட முறையும் கவனிக்கத்தக்கது. உதவிக்கு வந்த பீகார் வக்கீல்களிடம் அவர் சட்ட ஞானத்தைப் பெரிதாகக் கேட்கவில்லை. எழுத்து வேலை செய்வார்களா, வேளை வந்தால் சிறைக்கு வருவார்களா என்று கேட்டார். கலந்து பேசி, வருவோம் என்றார்கள். குடியானவர்களின் வாக்குமூலங்களை ஒவ்வொன்றாக எழுதினார்கள். இரகசியப் போலீஸார் வந்தபொழுது விரட்டாமல் உட்கார இடங்கொடுத்தார். அவர்கள் எதிரிலேயே பேசப் பேசக் குடிகளின் பயம் கரைந்தது. போலீஸார் எதிரில் இருந்ததனால் மிகைப்படுத்திச் சொல்வதும் நின்றது. அடுத்த வருஷம் சட்டம் வந்து அந்தக் கட்டாய அவுரிச் சாகுபடி ஒழிந்தது. ஆனால், சட்டம் வருவதற்கு முன்பே, தன் பெயரைச் சொல்லித் தன் குறையைச் சொன்ன நாளிலேயே, அந்தக் குடியானவன் பாதி விடுதலை அடைந்துவிட்டான்.

அப்பால் நடந்தவை எல்லோரும் அறிந்தவை. 1946-ம் வருஷக் கடைசியில், வகுப்புக் கலகத்தால் வெந்துகிடந்த நவகாளிக்கு 77 வயதில் போனார். கூட வந்தவர்களைக் கிராமத்துக்கு ஒருவராகப் பிரித்தனுப்பிவிட்டு, ஒடுங்கிய மூங்கில் பாலங்களில் நடக்கப் பழகிக்கொண்டு, வெறுங்காலுடன் ஊர் ஊராகச் சென்றார். விளக்கில்லாமல் உறங்க அஞ்சிய போர்பந்தர்ப் பிள்ளை இவர்தான். 1948 ஜனவரி 20-ந் தேதி டில்லியில் பிரார்த்தனைக் கூட்டத்துக்கருகே குண்டு வெடித்தது. வருகிறவர்களைச் சோதித்து அனுப்பப் போலீஸார் விரும்பினார்கள். பிரார்த்தனைக்கு வருகிறவர்களைச் சோதிக்கக்கூடாது என்று மறுத்துவிட்டார். பத்து நாளைக்குப் பின், ஜனவரி 30-ந் தேதி, அதே பிரார்த்தனைக்கு நடந்து சென்றபொழுது துப்பாக்கிக்கு இரையானார்.

இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது என்ன? பயம் இல்லாத நாளுக்காக அவர் காத்திருக்கவில்லை. வாய் வராத இடத்தில் எழுதினார். எதிர்க்க முடியாத இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஓர் ஊரில் குரல் தோற்றால் மறு ஊரில் எழுந்தார். இன்றைக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவை இன்றைக்கே செய்தார். நாளைக்கு அதைவிடச் சற்று அதிகம் முடிந்தது. தம்மைப் பற்றிய நினைவு குறையக் குறைய முடிந்தது பெருகிற்று. ஒளிக்கவேண்டிய காரியம் எதையும் வைத்துக்கொள்ளாததால், வெளிப்பட்டுவிடுமோ என்ற பயத்துக்கும் இடமில்லாமல் போயிற்று. கடைசிவரையில் பொய்க்கும் அநீதிக்கும் மட்டும் அஞ்சினார். எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாமலிருப்பது என்று பிரித்தறிவதே அறிவு என்பது வள்ளுவர் காலம் முதல் நம்மவர் அறிந்த உண்மையல்லவா?

அந்நிய சர்க்கார் 1947-ல் கப்பலேறிவிட்டது. பயம் அதனுடன் கப்பலேறவில்லை. கச்சேரிக் குமாஸ்தாவின் முன் நியாயமான மனுவை நீட்டக் கை கூசுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணால் கண்ட அக்கிரமத்துக்குச் சாட்சி சொல்ல அஞ்சி ஊரை விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கமிட்டியில் பத்துப் பேர் ஒன்று சொல்லும்பொழுது, தாம் வேறு நினைப்பதைச் சொல்லாமல் வீட்டுக்கு வந்து புழுங்குகிறவர்கள் நம் தொண்டர்களிலேயே இருக்கிறார்கள். சுயராஜ்யத்தில் குடிமக்கள் பேசாதிருந்தால் அந்த ராஜ்யம் பேசுகிற சிலருடைய ராஜ்யமாகவே முடியும்.

அப்படிப்பட்ட நண்பர்களை நாம் கோழைகள் என்று ஏசப்போவதில்லை. அவர்களைவிட அதிகமாக அஞ்சிய ஒருவர் நமக்குத் தலைவராக இருந்தார் என்று மட்டும் நினைவூட்டுகிறோம். பேச முடியாவிட்டால் எழுதுங்கள். தனியே போக முடியாவிட்டால் இன்னொருவரை அழைத்துக்கொண்டு போங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும். அந்தக் கையினாலேயே காகிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.